தராசுக்கும் பசிக்குமாம்

கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழிபடும். வரிசையில் நிற்கும் ஓர் அக்கா, "பாவம், தராசுக்கும் பசிக்கும்தானே ஐயா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்தே ஆகவேண்டும். "எங்க கிலோவைக் களவெடுக்கிறீங்க" என்று நேராகச் சொல்லியிருந்தால் அடுத்த நாள் விசாரணை, கடிதம். தராசின் பசிக்கு யார் கடிதம் கொடுப்பது?

இதை வாய்க்கொழுப்பு என்று சொல்லும் உத்தியோகத்தர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. வீடும் வேலையும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. லயத்தில் இருப்பவர் வாயைத் திறக்குமுன் தலைக்கு மேலுள்ள தகரத்தையும் நினைக்கவேண்டும். குத்தலாகச் சொன்னால் கேட்பவருக்கு விளங்கும், பிடிபடாது. பக்கத்தில் நிற்பவர் சிரித்தால் அவருக்கும் கிலோ குறைந்திருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடும். தனியாகப் புலம்பினால் இது தெரியவராது.

தேயிலைத் தூரடியில் தேங்காயும் மாசியும் கிடக்கும் என்று ஆசைகாட்டி ஆள் கட்டிய கதையை நம் பாட்டன்மார் சொல்லிவைத்தார்கள். இன்றும் யாராவது பெரிதாக வாக்குக் கொடுத்தால், "தூரைக் கிளறிப் பாரு, மாசி இருக்கும்" என்று சொன்னால் போதும். 2024 மே தினத்தில் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று மேடையில் அறிவித்தார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படைச் சம்பளம் 1,350. இடைப்பட்ட மாதங்களில் லயத்துக்கு லயம் மாசிக் கதைதான். தொழிற்சங்கத் தலைவர்மாருக்கும் அதில் பங்கு கிடைத்தது. கிடைக்கட்டும்.

மேலேயிருந்து வரும் நக்கல் வேறு. பெரட்டுக்குப் பிந்தி வந்த பெண்ணிடம் "மகாராணிக்கு இப்பதான் விடிஞ்சிச்சோ" என்பவர் யாருக்கும் பயந்து சுற்றிவளைத்துப் பேசவில்லை. அவளால் திருப்பிச் சொல்ல முடியாது என்று தெரிந்து பேசுகிறார். பள்ளிக்கூடத்திலும் இது நடக்கிறது. சப்பாத்து இல்லாமல் வந்த பிள்ளையிடம் "துரை மகன் சப்பாத்து போடமாட்டாரோ" என்று கேட்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை மறுநாள் வராவிட்டால், சோம்பல் என்று எழுதிவிடுவார்கள்.

நம் குத்தலில் ஒரு குறையும் உண்டு. பிடிபடாத பேச்சு பதிவாகவும் மாட்டாது. தொழில் திணைக்களத்தில் போய்த் தராசுக்குப் பசி என்று முறையிட முடியாது. அங்கே திகதி வேண்டும், கிலோ வேண்டும். ஆகவே மடுவத்தில் சிரித்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் கொப்பியில் ஒரு பக்கம் எடுத்து, தராசு காட்டியது எத்தனை, பதிந்தது எத்தனை என்று எழுதிவையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளை எழுதட்டும். மாதக் கடைசியில் கொப்பிகளைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். பத்துப் பேருடைய கொப்பியில் ஒரே கழிவு இருந்தால், துரையோடு பேசப் போகும்போது அதைத்தான் முதலில் மேசையில் வைப்போம்.