ராஜபாளையத்துக்கு எத்தனை எழுத்து?

வேலை தேடும் பிள்ளைகளுக்கு சீனியர்கள் சொல்லும் அறிவுரைகளில் எனக்கு ஆகவே ஆகாத ஒன்று, "நாலு நியூஸ்லெட்டருக்கு சப்ஸ்கிரைப் பண்ணி வை, அப்டேட்டா இரு" என்பது. பீட்டர் கூப்பர் 2010இல் தொடங்கிய ‘ஜாவாஸ்கிரிப்ட் வீக்லி’யை நானும் பார்ப்பவன்தான். உழைத்துத் தொகுக்கிறார்கள், அவர்கள்மேல் குற்றமில்லை. அதையே பாடத்திட்டமாக நம்பச் சொல்கிறார்களே, அவர்களோடுதான் என் சண்டை.

எது செய்தி என்று யார் முடிவு செய்வது? ஃபிரேம்வொர்க்கின் புதுப் பதிப்பு என்றால் தலைப்பில் வரும். ஆங்குலர்ஜேஎஸ்ஸும் அப்படி வந்ததுதான். 2021 டிசம்பர் 31உடன் கூகுள் அதற்கான ஆதரவையே நிறுத்திவிட்டது.

ராஜபாளையம் என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணி ஆறு என்று சொல்லிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் 10 என்கிறது. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனி. பக்கத்து ஊர் பாடு இன்னும் மோசம். முகவரிப் படிவத்தில் ஊர்ப்பெயருக்கு மேக்ஸ்லெங்த் 15 என்று ஒருவர் வைத்துவிட்டால், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆங்கில எழுத்தில் 14, உள்ளே போய்விடும். தமிழில் 18. ‘ஸ்ரீவில்லிபுத்த’ என்பதோடு பெட்டி கதவை மூடிவிடும். (ஸ்ரீ ஓர் எழுத்தா இரண்டா என்பது தனிச் சண்டை.) பால்கோவா கடைக்காரர் தன் ஊரின் பெயரைத் தமிழில் முழுசாக அடிக்க முடியாது.

இதற்கு மருந்து உண்டு. இன்டல் செக்மென்டர் என்று ஒன்று, சொல்லைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். மேக்ஸ்லெங்த்தைத் தூக்கிவிட்டு அதை வைத்து எண்ணலாம். குரோமில் 2020இலேயே வந்தது. ஃபயர்ஃபாக்ஸுக்கு வர 2024 ஏப்ரல் ஆனது. நமக்கு இதுதான் தலைப்புச் செய்தி. ஆனால் ஆறா பத்தா என்று ஒருமுறையாவது மண்டையை உடைத்துக்கொண்டவனுக்குத்தான் அந்த ஒற்றை வரி கண்ணில் படும். மற்றவன் ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போய்விடுவான்.

"இன்டர்வியூல ரியாக்ட்ல என்ன புதுசுன்னு கேப்பாங்களே அண்ணா?" கேட்பார்கள். அதற்கு ஒரு சாயங்காலம் போதும். படிக்காத மெயில் முந்நூறு சேர்ந்துவிட்டது என்று புலம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: டெலிட் பண்ணுங்க. நீங்கள் எழுதிய ஃபார்ம் ஒன்றைத் திறந்து, சொந்த ஊர்ப் பெயரைத் தமிழில் அடித்துப் பாருங்கள்.