பிச்சையல்ல, பாத்தியதை!

தோழா!

கால் முறிந்தவனைக் கண்டால், "கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திரு" என்கிறது ஊர். காய்ச்சலில் கிடப்பவனைக் கண்டால், கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறது. ஆனால், மனம் முறிந்து, பொழுது விடிந்தும் எழ முடியாமல், உண்ணவும் உறங்கவும் உரையாடவும் இயலாமல் கிடப்பவனைக் கண்டால் மட்டும், "சோம்பேறி! எழுந்து வேலைக்குப் போ!" என்று ஏசுகிறது. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படம் சாட்சி சொல்லும். உள்ளம் முறிந்தால் சாட்சிக்கு எங்கே போவான்? காட்ட முடியாதது எல்லாம் இல்லாதது ஆகிவிடுமா? காற்றைக் கண்டவர் இல்லை. ஆயினும், மரம் சாய்ந்த பிறகாவது புயல் அடித்தது என்று ஒப்புக்கொள்கிறோமே!

மனச்சோர்வு மருத்துவம் அறிந்த நோய். 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகிறார் என்று கண்டது. உன் கிளைக் கூட்டத்துக்கு 40 தோழர்கள் வருகிறார்கள் என்றால், கணக்குப்படி அவர்களில் இருவர். அவர்கள் யார் என்பது உனக்குத் தெரியுமா? தெரியாது. அவர்கள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அத்தகைய ஒருவன் நோய்க்கால உதவி கேட்டு விண்ணப்பித்தால், "உழைக்காமல் உண்ண வழி தேடுகிறான்" என்று உரைப்போர் உண்டு. அவர்களிடம் ஒரு கணக்கை எடுத்து வை. 1948-இல் சட்டமாகி, 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கப்பட்டது, ஈ.எஸ்.ஐ. என்று தொழிலாளர் அழைக்கும் ஈட்டுறுதித் திட்டம். 2019 ஜூலையில் வகுத்த விகிதப்படி, தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு 0.75 பங்கு, முதலாளி செலுத்துவது 3.25 பங்கு. 20,000 ரூபாய் ஊதியம் பெறுபவன் பெயரில் மாதந்தோறும் 800 ரூபாய் போய்ச் சேருகிறது. அதில் 150 ரூபாய் அவன் கூலியில் நேராகப் பிடித்தது. மிச்சமும் அவன் உழைப்பில் விளைந்ததே!

ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்கு செலுத்தியவன் நோயுற்றால், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். மருத்துவர் தரும் சான்று உடலுக்கா, உள்ளத்துக்கா என்று அந்த விதி பிரித்துப் பார்ப்பதில்லை. நீண்ட கால நோய்கள் 34 எனப் பட்டியலிட்டு, இரண்டு ஆண்டு தொடர் வேலையும் 156 நாள் பங்களிப்பும் உள்ளவர்க்கு 80 விழுக்காடு என்றார்கள். அந்தப் பட்டியலில் கடும் மனநோய்களுக்கும் இடம் உண்டு. வங்கியில் போட்ட பணத்தை எடுக்கப் போகிறவனைப் பிச்சைக்காரன் என்பார்களா? இவனை மட்டும் ஏன் அப்படிப் பார்க்கிறார்கள்?

நோய் நீண்டு, ஊனமாகவே நிலைத்துவிட்டால்? அதற்கும் சட்டம் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயை ஊனங்களுள் ஒன்றாக ஏற்றது. ஆனால் வேலையில் ஒதுக்கிய 3 விழுக்காட்டில் அதற்குப் பங்கு தரவில்லை. பந்திக்கு அழைத்து, இலை போடாத விருந்து அது! 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் இலை போட்டது. 21 வகை ஊனங்களில் மனநோயும் ஒன்று. அதன் இலக்கணத்தில் சிந்தனையும் நினைவும் மட்டுமல்ல, மனநிலைக் கோளாறும் உண்டு. அரசுப் பணியில் 4 விழுக்காடு; அதில் ஒரு விழுக்காட்டை மனநோயாளரும் வேறு சில பிரிவினரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவோ, பதவியில் இறக்கவோ கூடாது என்கிறது 20-ஆவது பிரிவு.

இந்த உரிமைகளின் வாசலில் நிற்பது 40 விழுக்காடு என்னும் காவலாளி. அவனைக் கடக்க ஓர் அளவுகோல். இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2002-இல் உருவாக்கியது. தன்னைப் பேணல், பிறரோடு பழகல், பேசலும் புரிந்துகொள்ளலும், வேலை என நான்கு துறைகள். இயலாமைக்கு ஏற்பத் துறைக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் நீடித்த காலத்துக்கு 1 முதல் 4 வரை. மொத்தம் 20-க்கு 7 கிடைத்தால் 40 விழுக்காட்டை எட்டலாம்.

அளவுகோல் இருக்கிறது, அளக்கும் அறையில் என்ன நடக்கும்? எண்ணிப் பார், தோழா!

"குளிக்கிறாயா?"

"குளிக்கிறேன், ஐயா."

"வீட்டாரோடு பேசுகிறாயா?"

"பேசுகிறேன், ஐயா."

"அண்டை அயலாரோடு பழகுகிறாயா?"

"பழகுகிறேன், ஐயா."

மூன்று துறையிலும் சுழி! வேலைக்குப் போகவில்லை என்பதற்கு 3, நோய் கண்டு ஓராண்டுதான் என்பதற்கு 1, ஆக 4. கதவு மூடிக்கொண்டது. வாசலுக்கு வெளியே நிற்கிறாளே அவன் மனைவி, அவளுக்குத் தெரியும் உண்மை. வாரத்துக்கு ஒருநாள் அவள் வெந்நீர் வைத்துக் கையைப் பிடித்து இழுத்தால்தான் குளியல். பிள்ளை கேட்ட கேள்விக்கு மறுமொழி வந்து மாதங்கள் ஆகின்றன. அண்டை வீட்டுத் திருமணத்துக்கும் அவன் எழுந்து போகவில்லை. அவளை அழைத்துக் கேட்டிருந்தால், தன்னைப் பேணலுக்கு 2, பழகலுக்கு 1, பேச்சுக்கு 1, வேலைக்கு 3, காலத்துக்கு 1, ஆக 8. கதவு திறந்திருக்கும்.

அவன் சொன்னது பொய்தான். ஆனால், எந்த வகைப் பொய்? பணம் பறிக்கச் சொன்ன பொய்யா? இல்லை! மானத்தைக் காக்கச் சொன்ன பொய்! முன்பின் அறியாத ஒருவர் முன்னிலையில், "நான் குளிப்பதில்லை" என்று சொல்ல எந்த ஆண்மகனுக்கு நா எழும்? பொய் சொல்லிப் பணம் பெறுகிறார்கள் என்று பழிக்கிறவர்களே! பொய் சொல்லிப் பணத்தை இழப்பவனை நீங்கள் பார்த்ததில்லையா?

இது நம் நாட்டில் மட்டும் நடக்கும் அநீதியா? சமூகப் பாதுகாப்புக்கு இலக்கணம் வகுத்த நாடு என்று புகழப்படும் இங்கிலாந்திலும் இதே கதைதான். வெளியே நடமாட இயலாதவர்க்குத் தரும் உதவித் தொகையில், 2017 மார்ச்சில் அந்த அரசு ஒரு விதியைச் செருகியது: நடமாட்டம் முடங்கியது மன வேதனையால் என்றால், உயர்ந்த மதிப்பெண் கிடையாது! கால் தடுத்தால் காசு உண்டு. மனம் தடுத்தால் இல்லை! பெயர் வெளியிடப்படாத ஒருவர் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம், இது மனநோயாளருக்கு எதிரான அப்பட்டமான பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2018 ஜனவரியில் அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டது. ஏறத்தாழ 16 லட்சம் கோப்புகளை மீண்டும் புரட்ட வேண்டிவந்தது. ஒருவர் கேட்டார், 16 லட்சம் கோப்புகள் திறந்தன!

கேட்டால் கிடைக்கும் என்பது சரி. கேட்பதற்கு வலிமை வேண்டுமே! விண்ணப்பம் எழுத வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். "நாளை வா" என்றால் நாளையும் வர வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்த நோய் முதலில் திருடிச் செல்வதே அந்த வலிமையைத்தான். கால் இல்லாதவனை மாடிக்கு ஏறிவந்து மனுக் கொடு என்பது எத்தகைய கொடுமையோ, அத்தகைய கொடுமை இது.

ஆகவேதான் உன்னை அழைக்கிறேன். சுவரொட்டி ஒட்டத் தெரிந்த உனக்கு, வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கத் தெரிந்த உனக்கு, இது அரிய செயலா? கூட்டத்துக்கு வராமல் நின்றுபோன தோழன் வீட்டுக்கு நடந்து போ. "ஏன் வரவில்லை?" என்று அதட்டாதே; அருகில் அமர். மருத்துவரிடம் அழைத்துச் செல். சான்றுத் தாள்களைச் சேர்த்து வை. அளக்கும் நாளில் உடன் போ. அவன் மனைவியையோ தாயையோ அறைக்குள் அழைத்துக் கேட்கும்படி பணிவோடு சொல். நல்ல நாளை மட்டும் சொல்லாமல், கெட்ட நாளையும் சேர்த்துச் சொல்லச் சொல். மிகைப்படுத்த வேண்டாம், மறைக்காமல் இருந்தால் போதும். அவனது நோயை ஊர்ப்பேச்சாக்கிவிடாதே. அவனுக்குக் காலாக இரு. ஆனால் அவன் அனுமதியின்றி நாவாக இராதே!

அரசுகளிடம் கேட்க வேண்டியதும் உண்டு. வறுமைக்கோட்டின்கீழ் வாழும், 80 விழுக்காடு ஊனமுற்றவர்க்கு ஒன்றிய அரசு 2012-இல் நிர்ணயித்த ஓய்வூதியப் பங்கு மாதம் 300 ரூபாய். நாளுக்கு 10 ரூபாய்! மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துத் தருகின்றன என்பதற்காக, 10 ரூபாயில் தன் கடமை முடிந்தது என்று டில்லி சொல்லலாமா? ஈ.எஸ்.ஐ. அட்டை இல்லாத கட்டடத் தொழிலாளிக்கும் வயற்காட்டுக் கூலிக்கும் மனம் முறிந்தால் 91 நாள் ஊதியத்தை யார் தருவது? கட்சி மேடைகளில் இக்கேள்விகள் ஒலிக்க வேண்டும். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எதிரொலிக்க வேண்டும்.

மானம் பெரிதென்று வளர்ந்த இயக்கம் நம்முடையது. உரிமையைக் கேட்பதால் மானம் போகாது. உரிமையுள்ளவனை வாசலில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்புகிற நாட்டுக்குத்தான் மானம் போகும். அடுத்த கிளைக் கூட்டத்தில், வந்திருப்போரை எண்ணுவதற்கு முன், வராதவரை எண்ணு. அங்கிருந்து தொடங்கட்டும் உன் பணி!