முகிலில் ஏறிய பேரேடு

ஜிந்துப்பிட்டியிற் குடியிருப்போருக்குச் செட்டியார் தெருப் பேரேடுகளைப்பற்றி நான் விளக்கவேண்டியதில்லை. இரவிற் கடை பூட்டுமுன் பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை மடியிற் செருகிக்கொண்ட கணக்கப்பிள்ளைகளை நம் முதியோர் கண்டிருக்கிறார்கள்.

சென்ற ஞாயிறு என் பழைய மாணவரொருவர் வீட்டுக்கு வந்தார். தனியார் கந்தோரொன்றில் தரவுத்தள நிர்வாகி, அண்மையில் மணமானவர். "தரவுகளையெல்லாம் முகிலுக்கு மாற்றப்போகிறார்கள், சேர். இனி நான் எதற்கு?" என்றார். நியாயமான கவலைதான்.

தரவுத்தளமும் ஒருவகைப் பேரேடே. வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை, விற்பனைக்கு ஓர் அட்டவணை என வகுத்து, இரண்டையும் பொது இலக்கமொன்றால் தொடுக்கும் முறையை 1970 இல் ஐ.பி.எம். நிறுவனத்து எட்கர் கொட் எடுத்துரைத்தார். அப் பேரேட்டை நமது கந்தோரில் வையாது, பிறருடைய கணினி மண்டபத்தில் வாடகைக்கு வைப்பதே முகில். (பெயர்தான் முகில், இருப்பது தரையிலேதான்.) அமேசன் நிறுவனம் 2009 இல் தொடங்கிய சேவையில், இயந்திரம் வாங்குவதும் மென்பொருளை நிறுவுவதும் நாள்தோறும் படியெடுப்பதும் அவர்கள் வேலை. மாணவரின் அன்றாட அலுவல்கள் பல அவரைவிட்டு நீங்குவது உண்மையே.

ஆனால் எவர் கையிற் சாவி, எத்தனை நாட் படிகளைக் காப்பது என்பவற்றை முகிலார் தீர்மானிப்பதில்லை. அச் சேவையில் தானாக எடுக்கப்படும் படிகள் 35 நாளுக்குமேல் நில்லா. தளத்தை அழிப்பவர் படிகளை வைத்திருக்குமாறு பணிக்காவிடின் அவையும் உடன் அழியும்.

இந் நாட்டிலே நாம் பட்டறிந்த விடயம் இது. 2021 இல் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அரசாங்க முகிலில் வைத்திருந்த தரவுகள் அழிந்தன. 2023 இல் அதே முகில் கப்பம் கோரும் நச்சுநிரலுக்கு இரையாயிற்று; ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. சேவை விரைவில் மீண்டது. கடிதங்கள் மீளவில்லை, அக் காலத்துக்குப் புறம்பாகப் பிரித்துவைத்த படி இருக்கவில்லை.

"உங்கள் கந்தோர்ப் படியை வெற்றுக் கணினியொன்றில் மீட்டுப் பார்த்ததுண்டா, தம்பி?" என்றேன்.

"எடுப்பதுண்டு, சேர். மீட்டுப் பார்த்ததில்லை."

புதன் இரவு தொலைபேசியில் அழைத்தார். மீட்பதற்கு ஆறு மணித்தியாலம் சென்றதாம். அண்மையிற் சேர்த்த அட்டவணையொன்று படியில் இல்லவேயில்லையாம். மறுநாட் காலை முதலாளியைக் காணப்போவதாகச் சொன்னார்.