மரம் தாங்கும், மனிதன் தாங்குவானா?

வானம் பார்த்த பூமி என்று பெயர் சூட்டினோம். வானம் பொய்த்தபோதெல்லாம் வாடுவது உழவன் முகம் என்பதை மறந்தோம்! அருப்புக்கோட்டைக் கரிசலிலே, முதுகுளத்தூர் வெளியிலே, வடகிழக்குப் பருவமழை வந்தால் வாழ்வு, வராவிட்டால் வட்டிக்கடை! இதுதானே அங்கே உழவின் வரலாறு?

அந்த மண்ணுக்கேற்ற மரங்கள் இல்லையா? இருக்கின்றன, தோழர்களே! இலந்தையைப் பாருங்கள். ஆணிவேரை ஆழத்தில் இறக்கி, கோடை கொளுத்தும்போது இலையுதிர்த்து, உள்ள ஈரத்தைக் காத்து, பின்னர் துளிர்த்துக் காய்க்கிறது. வேலியோரத்துக் காட்டு இலந்தையிலே உயர்ந்த இனத்தின் மொட்டைக் கட்டிப் பெருங்கனி பறிக்கலாம். நெல்லி, சீத்தா, விளா, புளி எல்லாம் வறட்சியை வெல்லும் வலிமை படைத்தவை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 'பி.கே.எம். 1' என்னும் புளியினத்தையே தந்திருக்கிறது. 20 அடிக்கு ஒன்றாக நெல்லி நட்டால், ஏக்கருக்கு 100 மரங்களுக்கு மேல் நிற்கும்!

பின் ஏன் நடவில்லை? உழவன் அறியாதவன் என்பர், குளிரூட்டிய அறையிலே அமர்ந்து திட்டம் தீட்டுவோர். அறியாதவன் அவனல்லன்! ஒட்டுக்கட்டிய நெல்லியும் பலன் தர நாலைந்து ஆண்டுகள் ஆகும். விதையிலிருந்து எழும் புளியோ அதனினும் நெடுங்காலம் கேட்கும். அடுப்போ அன்றாடம் எரிய வேண்டும்! சோளமும் கம்பும் சில மாதங்களில் களத்துக்கு வருகின்றன. சீமைக்கருவேல், நடாமலே வளர்ந்து, கரியாகிக் காசாகிறது. மரவரிசைக்கிடையே உளுந்து விதைக்கலாம்தான். மழை தவறினால் அதுவும் மண்! வறட்சி தாங்கும் மரம்கூடக் கன்றுப் பருவத்தில் தண்ணீர் கேட்கும். குடம் சுமப்பவன் கஞ்சிக்கு என்ன செய்வான்? மரம் வறட்சியைத் தாங்கும். மனிதன் காத்திருப்பைத் தாங்குவானா?

வழி கண்டவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டு வறட்சியில் வாடிய மராட்டிய மாநிலம், வேலை உறுதித் திட்டம் கண்டது. 1990இல் அதைப் பழமரச் சாகுபடியோடு இணைத்தது. தன் நிலத்திலே குழிதோண்டிக் கன்று நட்ட உழவனுக்கு அரசே கூலி தந்தது! அள்ளி இறைக்கவில்லை, கன்று பிழைத்த கணக்குப் பார்த்து, 3 ஆண்டுகளில் பகிர்ந்தளித்தது. இலந்தையும் மாதுளையும் சீத்தாவும் அங்கே தோப்பாயின.

இங்கும் அது வேண்டும். காய்க்கும்வரை கூலி வேண்டும். கன்றுக்கு நீர் தரப் பண்ணைக்குட்டை வேண்டும். காய்த்தபின் சந்தை வேண்டும். பழுத்த சீத்தா சில நாட்களில் அழுகும். பக்கத்து ஊரிலே பதப்படுத்தும் கூடம் இல்லையேல், வியாபாரி சொன்னதே விலை. உழவன் விட்டதே மூச்சு!

மேடை போட்டு, மாலை சூடி, கன்று வழங்குவது விழா. அந்தக் கன்று காய்க்கும்வரை உழவனுக்குக் கைகொடுப்பதே ஆட்சி! விழாக்கள் போதும், ஆட்சி நடக்கட்டும்!