கிழங்கை ஒரு வரியில் கடக்காதீர்கள்

"மங்கா படிக்கிறதெல்லாம் ஒரு வாசிப்பா?" நம் இலக்கியக் கூட்டங்களில் தேநீர் இடைவேளைக்குள் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். கேட்பவர் பெரும்பாலும் ஒரு மங்காவைக்கூடப் புரட்டியிருக்க மாட்டார். அதிலும் சமையல் போட்டி மங்கா என்றால் சிரிப்பே வந்துவிடும். ஒருத்தன் சமைக்கிறான், இன்னொருத்தன் எதிர்த்துச் சமைக்கிறான், யாரோ தின்று பார்த்துக் கண் கலங்குகிறார். இதுல என்னங்க இருக்கு?

இருக்கிறது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் பிள்ளைகள் கைப்பேசியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ இதைத்தான் விடிய விடிய வாசிக்கிறார்கள். ஏன் என்று அவர்களிடம் கேட்காத இலக்கியவாதிக்கு, "இளைஞர்கள் எங்களை வாசிப்பதில்லை" என்று புலம்பும் உரிமை இல்லை.

முதலில் இது நேற்று முளைத்த விளையாட்டு அல்ல. தெட்சு கரியா எழுதி அகிரா ஹனாசாகி வரைந்த 'ஒய்ஷின்போ' 1983இல் தொடங்கியது. ஒரு பத்திரிகை நிருபனுக்கும் அவன் வெறுக்கும் அப்பாவுக்கும் இடையே உணவை வைத்து நடக்கும் சண்டைதான் அதன் முதுகெலும்பு. 2014இல் ஃபுகுஷிமா அணு உலையைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு மூக்கில் ரத்தம் வருவதாக அதில் ஒரு காட்சி வந்தது. அமைச்சர்கள் வரை கண்டனம் தெரிவித்தார்கள், தொடரே நின்றுபோனது. சாப்பாட்டுப் படக்கதை ஒன்று அரசாங்கத்தை அந்த அளவுக்கு எரிச்சல்படுத்தியது. நம் புனைகதைகளில் எது கடைசியாக ஒரு அமைச்சரை எரிச்சல்படுத்தியது, சொல்லுங்கள் பார்ப்போம்.

இப்போதைய பிள்ளைகளின் கதைக்கு வருவோம். யூட்டோ சுகுடா எழுத, ஷுன் சயேக்கி வரைந்த 'ஷொகுகெகி நோ சோமா' 2012 முதல் 2019 வரை 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் வந்து 36 தொகுதிகளாக நிற்கிறது. சோமா ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடைக்காரரின் மகன். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் டோட்சுகி என்ற சமையல் பள்ளிக்குப் போய், ஒவ்வொருவரையும் அடுப்பு முன்னால் நிறுத்தி ஜெயிக்கிறான்.

போட்டி வெறும் தூண்டில்தான். வாசகனை உட்கார வைப்பது செய்முறை. பள்ளியின் தொடக்க நாள் ஒன்றில் சோமாவின் சட்டியில் யாரோ உப்பை அள்ளிப்போட்டுவிடுகிறார்கள். மீண்டும் சமைக்க நேரமில்லை. அவன் இறைச்சியில் தேனைத் தடவுகிறான். தேனில் உள்ள நொதி புரதத்தை உடைத்து இறைச்சியைச் சீக்கிரம் மெதுவாக்கும் என்று கதை நின்று விளக்குகிறது. வேலை செய்யத் தெரிந்தவனின் கையறிவுதான் இங்கே வீரம். அப்பா லாரி ஓட்டுகிற, அம்மா கேண்டீன் நடத்துகிற வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் அவனுடைய வீட்டு அறிவுக்கு யாரும் மதிப்பெண் போட்டதில்லை.

இனி நம் பக்கம். தோட்டத்து வாழ்க்கையை எழுதி எழுதித்தான் மலேசியத் தமிழ்ப் புனைவு வளர்ந்தது. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் ரப்பர் வணிகப் பயிரானது அங்கிருந்துதான். அதற்கு முன்பே மலாக்காவில் மரவள்ளித் தோட்டங்கள் இருந்தன. அதே மரவள்ளி 1942க்குப் பிறகு ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து மக்களின் ஒரே சோறானது. சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துப் போனவர்களைப் பற்றி ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் லயத்து அடுப்பு? நம் கதைகளில் அது பெரும்பாலும் ஒரே வரி: "கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள்." அடுத்த வரியில் கண்ணீர். கசப்பு மரவள்ளியில் சயனைடு நச்சு உண்டு. தோலை ஆழமாகச் சீவ வேண்டும், ஊறவைக்க வேண்டும், வேகவைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டும். தப்பினால் வீட்டோடு சாவு. இதை ஒரு பெண் எப்படிக் கற்றாள், யாரிடம் கற்றாள், தோல் நிறத்தைப் பார்த்து எப்படித் தரம் பிரித்தாள்? ஒரு மங்காக்காரன் கையில் இது கிடைத்திருந்தால் மூன்று அத்தியாயம் எழுதியிருப்பான். நாம் பசியை எழுதினோம், பசியை ஜெயித்த மூளையை எழுதவில்லை. நம் தோட்டத்துப் பெண் கதைக்குள் பாதிக்கப்பட்டவளாக மட்டுமே வருகிறாள், விஷயம் தெரிந்தவளாக வருவதே இல்லை.

நேரக் கட்டுப்பாடு வேண்டுமா? விடிவதற்கு முன் பெரட்டு. அதற்குள் சோறு, குழம்பு, பிள்ளைகளுக்குத் தனியாக, காட்டுக்கு எடுத்துப்போகத் தனியாக. விறகு ஈரமாக இருந்தாலும் பெரட்டு மணி காத்திருக்காது. ஆயிரக்கணக்கான பெண்கள் பல்லாண்டு காலம் தினமும் ஆடிய ஆட்டம் இது. இதில் கதை இல்லையென்று யார் சொன்னது?

"ஜப்பான்காரன் கொன்றான், இவனுங்க அவன் படக்கதையைப் படிச்சிக்கிட்டுத் திரியிறானுங்க" என்று பெரியவர்கள் கோபப்படுகிறார்கள். நியாயமான கோபம். ஆனால் அந்தக் காலத்துக் கிழங்கைப் பேரப்பிள்ளையின் நாக்கில் படும்படி நாம் எழுதியிருந்தால், அவனுக்கு இரண்டு ஜப்பானும் ஒருங்கே தெரிந்திருக்கும்.

அதற்காக மங்காவைத் தலையில் வைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை. அதில் பொய்யும் நிறைய. சோமாவின் முதல் அத்தியாயத்தில் ஒரு நில மேம்பாட்டு நிறுவனத்துக்காரி கடையைக் காலி செய்யச் சொல்லி மிரட்டுகிறாள், இருந்த பொருட்களைப் பாழாக்குகிறாள். சோமா மிஞ்சிய உருளைக்கிழங்கையும் பன்றி இறைச்சித் துண்டுகளையும் வைத்து ஒரு வறுவல் செய்து கொடுக்கிறான். சாப்பிட்டதும் அவள் தோற்றுப்போகிறாள். இதைப் படித்து எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் கசப்பாகச் சிரிக்கத்தான் வேண்டும். தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறியபோது, லயத்தைக் காலி செய்யச் சொல்லி வந்தவர்கள் யார் வீட்டு நெத்திலிச் சம்பலுக்கும் மனம் இளகவில்லை.

இன்னொரு பொய், ரத்தம். கடைக்காரன் மகன் ஜெயிக்கிறான் என்று நாம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே, அவன் அப்பா அதே டோட்சுகியின் உயர்மட்டப் பத்துப் பேரில் இரண்டாம் இடத்தில் இருந்தவர் என்று கதை ஒப்புக்கொள்கிறது. 'ஒய்ஷின்போ' நாயகனும் ஒரு சுவை மேதையின் மகன்தான். ஆக, பரம்பரை இல்லாதவனுக்குத் திறமை வருமென்று மங்காவும் முழுசாக நம்பவில்லை. சுவை பார்க்கும் பெண்களின் உடைகள் கிழிந்து பறக்கும் அந்த அசிங்கம் வேறு. வீட்டில் பெண் தினமும் சமைத்தால் கடமை, மேடையில் ஆண் ஒருநாள் சமைத்தால் கலை. இந்தக் கணக்கு டோக்கியோவிலும் அதேதான், நம் கோயில் திருவிழாவிலும் அதேதான்.

நடுவர் நாக்கை நம்பிப் பிழைப்பதன் ஆபத்தை மலாக்காக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்தது. ஜோங்கர் தெருவில் கோழிச்சோற்று உருண்டைக்கு வரிசை நிற்கிறது. நோன்யா உணவுக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. தோட்டத்துத் தமிழனின் சாப்பாடு எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லை. அதைச் சுவை பார்க்க யாரையும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். 1781இல் பொய்யாத விநாயகர் கோயில் கட்டிய சமூகம். இன்று வீட்டில் பேசுவது மலாய். தமிழ் நாக்கை விட்டுப் போனது, பொங்கலும் படையலும் சமையலும் போகவில்லை. மொழி போனால் எல்லாம் போயிற்று என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒருமுறை அந்தச் சமையலறையில் போய் நிற்க வேண்டும். சமையல் ஒரு ஆவணம், சில வேளை மொழியைவிட நீண்டகாலம் தாங்குகிறது. ஆனால் அதை எழுதி வைக்க மொழிதான் வேண்டும், அந்த மொழி இன்னும் நம் கையில் இருக்கிறது.

எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். போட்டியையும் நடுவரையும் ஜப்பானிடமே விட்டுவிடுங்கள். மங்காவிடமிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்குங்கள்: நின்று விளக்கும் பொறுமை. ஆத்தாவுக்கு இன்னும் நினைவிருக்கும்போதே கேளுங்கள். கிழங்கில் எது கசப்பு என்று எப்படித் தெரியும், தண்ணியை எத்தனை தடவை கொட்டணும், ஈர விறகு எப்படிப் பிடிக்கும். "அதெல்லாம் எதுக்குப்பா இப்ப?" என்றுதான் முதலில் சொல்வார். விடாமல் கேளுங்கள், ஒரு வரியில் முடிக்காமல் எழுதுங்கள்.