கோமதி, கோமதியம்மாள், ச. கோமதி

சங்கரன்கோவிலில் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் இப்போது ஒரே பேச்சுதான். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2026 ஜனவரி 3ஆம் தேதி முதலமைச்சராக மு.க. ஸ்டாலின் அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம். கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம், ஊழியர் பங்கு பத்து சதவீதம். 2003 ஏப்ரல் 1 முதல் அரசு வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாளிதழின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். ‘பழைய திட்டத்தில் இந்தப் பத்து சதவீதப் பிடித்தமே கிடையாதே’ என்கிறார் ஓர் ஆசிரியர். நியாயமான கேள்வி. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்து, மொத்தத் தொகையை ஒரேயடியாக வாங்கிக்கொண்டு, மாத ஓய்வூதியம் என்று ஒன்றுமே இல்லாமல் வீட்டுக்குப் போனவர்களின் வருத்தத்தை இந்தப் பத்தியில் பல முறை எழுதியிருக்கிறேன். அவர்கள் போராட்டத்துக்கு ஒரு பலன் வந்ததில் எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். பாதியா, பத்தா என்ற வாதத்தைச் சங்கங்கள் பார்த்துக்கொள்ளும்.

அந்த அறிவிப்பிலேயே இன்னொரு வரி இருந்தது. ஓய்வூதியர் இறந்தால், அவர் வாங்கிய ஓய்வூதியத்தில் 60 சதவீதம் குடும்ப ஓய்வூதியம். அதைப் பற்றி மட்டும் பெஞ்சில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மனது ஆறவில்லை. காரணம், இந்த வாரம் ஓர் அலுவலகத்தில் நான் பார்த்தது.

எழுபது வயதைத் தாண்டிய அம்மா. மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் கணவரின் ஓய்வூதியப் புத்தகம், இறப்புச் சான்று, இருவரும் சேர்ந்து எடுத்த பழைய ஸ்டாம்பு சைஸ் போட்டோ. கவுண்டருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே இருந்தவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பெயர் ஒத்து வரவில்லை என்று திருப்பித் தள்ளினார். “இத்தன வருசத்துல நான் இந்தப் படி ஏறுனதே இல்ல அண்ணாச்சி. எவ்வளவு வருதுன்னுகூட அவர்ட்ட கேட்டதில்ல” என்றார் என்னிடம்.

பிச்சை கேட்க வந்தவர்போலச் செருப்பைக் கழற்றியதுதான் என்னை வதைத்தது. நகாரா வழக்கு மறுபடியுமா என்று பழைய வாசகர்கள் நினைக்கலாம். மறுபடியும்தான். மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற டி.எஸ். நகாரா, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். எச்.டி. ஷோரியின் ‘காமன் காஸ்’ அமைப்பும் அந்த வழக்கில் உடன் நின்றது. 1979 மார்ச் 31 என்று ஒரு தேதியை வைத்து, அன்று முதல் ஓய்வுபெறுபவர்களுக்கு மட்டும் கூடுதல் ஓய்வூதியம் என்றது அரசு. அதற்கு முதல் நாள் போனவருக்குக் கிடையாது. 1982 டிசம்பர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பாகுபாடு செல்லாது என்றது. ஓய்வூதியம் அரசு மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல, செய்த வேலைக்கு உரிய உரிமை என்பதே நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம். டிசம்பர் 17 ஓய்வூதியர் தினமானது அதனால்தான். வருடாவருடம் சால்வை போர்த்திக் கொண்டாடுகிறோம். மேடையில் ஆண்கள். அந்த உரிமை கணவருக்குப் பிறகு தனக்கு வரும் என்பது தெரியாமல் மனைவி வீட்டில்.

அந்த அம்மாவின் பெயர்ச் சிக்கல் நம் ஊரில் ஏராளம். கோமதி அம்மன் குடியிருக்கும் ஊரில் தெருவுக்கு நாலு கோமதி. பள்ளிக்கூடச் சான்றில் அப்பா இனிஷியலோடு ஆ. கோமதி. ஆதாரில் கணவர் இனிஷியலோடு ச. கோமதி. ரேஷன் கார்டில் கோமதியம்மாள். கணவர் ஓய்வூதிய முன்மொழிவில் எழுதிக் கொடுத்தது வெறும் கோமதி. சென்னையில் மாநிலக் கணக்காயர் அலுவலகம் எதை வாங்கியதோ அதைத்தான் புத்தகத்தில் அச்சடிக்கும். நாலு பேரும் ஒரே ஆள்தான் என்று கணவர் இல்லாத வீட்டில் அந்த அம்மா நிரூபிக்க வேண்டும். கணவர் உயிரோடு இருக்கும்போது திருத்த மனுக் கொடுத்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

பெயர் மட்டுமல்ல, மனைவியின் பிறந்த தேதியும் புத்தகத்தில் சரியாக இருக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயது நிறைந்தால் 20 சதவீதம் கூடும், 85இல் 30 சதவீதம். தேதி இல்லையென்றால் வயதை எதை வைத்துக் கணக்கிடுவார்கள்? இன்னொன்று பல வீடுகளில் தெரியாது. கணவர் கம்யூடேஷன், அதாவது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கி, அதற்காக மாதாமாதம் பிடித்தம் போய்க்கொண்டிருந்தாலும், அவர் இறந்தபின் அந்தப் பிடித்தம் மனைவியின் குடும்ப ஓய்வூதியத்தில் விழாது. ‘இன்னும் கடன் பாக்கி இருக்கே’ என்று பயந்துபோய் விண்ணப்பமே கொடுக்காத ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதிக்கு மாதச் சந்தா பிடித்திருப்பார்கள். அதிலிருந்து வர வேண்டிய 50,000 ரூபாய் தனி. அதற்குத் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். நியமனதாரராக யார் பெயர் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அம்மா பெயரை எழுதிவிட்டு மாற்றாமலே விட்டதுண்டு.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னால் ‘சாவைப் பற்றி ஏன் பேசுறீங்க’ என்று வாயைப் பொத்துவார்கள் என்கிறார் நண்பர். பொத்தட்டும், சொல்லுங்கள். சம்பளக் கணக்கை முப்பது வருடம் மறைத்த பழக்கம்தான் இதற்கும் காரணம் என்று நான் நினைக்கிறேன். வீட்டுச் செலவுக்கு எண்ணிக் கொடுத்தோமே தவிர, மொத்தம் எவ்வளவு என்று சொன்னவர்கள் குறைவு.

அந்த அம்மாவின் தாள்களை நகலெடுத்து, திருத்த மனுவை எழுதிக் கொடுத்தேன். முடிந்தபின் இதே இடத்தில் எழுதுகிறேன். அடுத்த மாத ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் பென்ஷன் புத்தகம், மனைவியின் ஆதார், பள்ளிச் சான்று மூன்றையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மேஜை போடச் சொல்லியிருக்கிறேன். புத்தகத்தை மட்டும் கொண்டுவராதீர்கள், வீட்டம்மாவையும் அழைத்து வாருங்கள். நாற்காலி கூடுதலாகவே போடச் சொல்லியிருக்கிறது.