அளந்து காட்டாத பட்டறையில் இன்ஜினை இறக்காதீங்க



பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், இன்ஜின் வேலைக்கு நம்பிக்கையான பட்டறை எதுங்க?" இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவருமே என்னிடம் படித்தவர்கள். அதில் ஒருவர் சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறார். அவருடைய அப்பா 1986-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி தறிக்குடோன் ஓரத்தில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. அப்பா இப்போது இல்லை. விற்க மனமும் இல்லை. வண்டி புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது.

கடைப் பெயர் சொல்ல மாட்டேன் என்று மூவரிடமும் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் இருக்கிறது. பட்டறையின் பெயர் போர்டில் இருக்கும், வேலை ஒரு ஆளின் கையில் இருக்கும். ஐந்து வருடத்துக்கு முன்னால் அருமையாகப் போர் போட்ட மேஸ்திரி இன்று அங்கே இருக்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? போர்டு மட்டும் மாறாமல் தொங்கும். அதனால் பெயரைவிட, பார்த்துத் தெரிந்துகொள்ளும் முறையைச் சொல்கிறேன். நான் இன்ஜினியர் கிடையாது. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த இடைநிலை ஆசிரியன். ஆனால் பெரியப்பா மகன் கணபதியில் லேத் வைத்திருந்தார். கோடை விடுமுறை பூராவும் எனக்கு அங்கேதான்.

என் கருத்து இதுதான்: உங்கள் கண் முன்னால் அளந்து, அளவைத் தாளில் எழுதிக் கொடுக்கிறவர்தான் நம்பிக்கையான பட்டறைக்காரர். ஏ.சி. ஆபீஸ், விசிட்டிங் கார்டு, யூடியூப் வீடியோ எல்லாம் அதற்குப் பிறகு.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? போர் போடுவது திரும்பப் பெற முடியாத வேலை. பத்மினியின் 1089 சிசி இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 68 மில்லிமீட்டர். தேய்ந்த சிலிண்டரைச் சுரண்டிப் பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர் சைஸ் பிஸ்டன் போடுகிறோம். ஒவ்வொரு தடவையும் இரும்பு கொஞ்சம் போய்விடுகிறது. ஒரு பிளாக்குக்கு அப்படிச் சில தடவைகள்தான். கடைசி சைஸும் தாண்டிவிட்டால் ஸ்லீவ் இறக்க வேண்டும், அது தனிச் செலவு, தனி வித்தை. பத்மினி உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. மும்பையில் டாக்சியாக ஓடிய கடைசிப் பத்மினியும் 2023 அக்டோபரில் சாலையை விட்டுப் போய்விட்டது. அம்பாசடர் 2014 மே மாதத்தோடு நின்றது. புது பிளாக் இனி எந்த ஆலையிலிருந்தும் வராது. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கலாம், அதுவும் யாரோ ஓட்டித் தேய்த்ததாகத்தான் இருக்கும்.

என் மச்சினருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அம்பாசடரைக் கோவையில் ஒரு பட்டறையில் விட்டார். போன இரண்டாம் நாளே இன்ஜினைப் பிரித்துவிட்டார்கள். "நாலு சிலிண்டரும் போச்சுங்க, போர் போட்டாச்சு" என்று போன் வந்தது. எவ்வளவு தேய்ந்திருந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பழைய பிஸ்டன் எங்கே என்றார். "எடைக்குப் போட்டுட்டோமுங்க." நான்கு மாதம் கழித்து வண்டி வந்தது, ஆயில் குடிப்பது நிற்கவில்லை. கடைசியில் வேறு ஒரு பெரியவர் பார்த்து, வால்வு கைடு தேய்ந்து அதன் வழியாக ஆயில் இறங்குகிறது என்று கண்டுபிடித்தார். முதலில் போர் போட்டதே தேவைதானா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அந்த இரும்பு தூளாகப் போய்விட்டது.

வகுப்பில் விடையை மட்டும் எழுதினால் நான் முழு மதிப்பெண் போட்டதில்லை. வழிமுறை எங்கே என்று கேட்பேன். பட்டறையிலும் அதையே கேளுங்கள்.

முதல் வழிமுறை, பிரிப்பதற்கு முன்பே கம்ப்ரஷன் பார்ப்பது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கேஜ் வைத்து, நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக எண் எழுத வேண்டும். எண் குறைவான சிலிண்டரில் சிறிதளவு இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். எண் ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு பக்கமோ ஹெட் கேஸ்கெட்டோ சரியில்லை. அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமலே "இறக்கிடலாங்க" என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பிரித்த பிறகு போர் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில், அதுவும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளக்க வேண்டும். சிலிண்டர் ஒரே சீராகத் தேயாது. மேல் ரிங் போய்த் திரும்புகிற இடத்தில்தான் தேய்மானம் அதிகம், பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கம் இன்னும் அதிகம். ஆக ஒரு சிலிண்டருக்கு ஆறு எண், நான்குக்கு இருபத்து நான்கு எண். அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வி கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். "பிஸ்டன் வந்தபிறகு போர் போடுவீங்களா, முன்னாடியே போட்டு வெச்சிருவீங்களா?" நல்ல மேஸ்திரி சிரித்துவிடுவார். பிஸ்டன் கைக்கு வந்து, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து, இந்தப் பிஸ்டனுக்கு இந்தச் சிலிண்டர் என்று நம்பர் குத்திய பிறகுதான் போர். இரண்டுக்கும் நடுவில் விடுகிற இடைவெளி பெரும்பாலும் ஒரு தலைமுடித் தடிமனைவிடக் குறைவு. டப்பாவில் அச்சடித்த சைஸை நம்பி முன்கூட்டியே போட்டால் எப்படிச் சேரும்? கிராங்க் கிரைண்டிங்குக்கும் இதே கதைதான். கிரைண்டிங் முடிந்ததும் ஆயில் துளைகளைச் சுத்தம் செய்தார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். உள்ளே நிற்கும் பொடி புது பேரிங்கைத் தின்றுவிடும். கழற்றிய பாகம் அத்தனையும் ஒரு பெட்டியில் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும்.

இதெல்லாம் கோயமுத்தூரில் கிடைக்காத வித்தையா? 1937-லேயே மின்மோட்டார் செய்த ஊர் இது. ஜி.டி. நாயுடுவின் பெயரால் அவினாசி ரோட்டிலேயே கார் மியூசியம் இருக்கிறது. கரிவரதன் இங்கே இருந்துகொண்டு ரேஸ் கார் கட்டினார். பம்ப், மில் மெஷின் பாகங்கள் என்று தினமும் மைக்ரான் கணக்கில் கடைசல் பிடிக்கிற கைகள் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் இன்றும் இருக்கின்றன. மெக்கானிக்கிடம் மொத்தமாக விட்டுவிட்டு "எல்லாம் சேர்த்து எவ்வளவுங்க?" என்று போனில் கேட்கும் நம்மிடம்தான் குறை. மொத்தத் தொகை பேசினால் அவர் எதில் மிச்சம் பிடிப்பார்? கண்ணுக்குத் தெரியாத வேலையில்தான். அளப்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. மெஷின் ஷாப் வேலைக்குத் தனிச் சீட்டு, பிரித்துக் கோக்கும் கூலிக்குத் தனிச் சீட்டு, பாகங்களுக்குக் கடை பில் என்று பிரித்துக் கேளுங்கள். அளந்து பார்க்க மட்டும் தனியாகப் பணம் கேட்கிறார் என்று ஒருவர் குறைப்பட்டார். நான் சந்தோஷப்பட்டேன். அந்தப் பணத்தை முகம் சுளிக்காமல் கொடுங்கள். அளந்து பார்த்து "போர் வேண்டாம், ரிங் மாத்தினா போதும்" என்று சொல்லவும் அவருக்கு அப்போதுதான் துணிவு வரும்.

"பிளாக் வேண்டாங்க, வேற இன்ஜின் போட்டுக்கலாம்" என்று சொல்வோரும் உண்டு. இன்ஜின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் மாற்றினால் வண்டியை விற்கவும் முடியாது, ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸும் சிக்கல். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதியையும் படித்துப் பாருங்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். அந்தப் பதிவு வாங்கினால் அன்றாடம் ஓட்ட முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் வாங்கிய வண்டிகள் இப்போது ஒவ்வொன்றாக அந்த வயதுக்கு வருகின்றன. இன்று ஆசைக்கு வேறு இன்ஜின் போட்டவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிடும்.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. 2000-த்தோடு நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அதற்கு முந்தைய பல அம்பாசடர்களின் ஹெட்டில் வால்வு சீட் அந்த வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. ஈயம் இல்லாத பெட்ரோலில் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் சீட் உள்ளே அமுங்கிக்கொண்டே போகும். ஹெட் கழற்றியிருக்கும்போதே கடினமான சீட் வளையம் போட முடியுமா என்று கேளுங்கள். இப்போது பம்பில் வருவது எத்தனால் 20 சதவீதம் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயாப்ரமும் அதைத் தாங்காது. இன்ஜினுக்கு அவ்வளவு செலவு செய்துவிட்டு முந்நூறு ரூபாய் ஹோஸை விட்டுவிடாதீர்கள். பெட்ரோல் சொட்டுகிற இடமும் சூடான சைலன்சர் மேனிஃபோல்டும் அந்த வண்டிகளில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.